மூன்றாம் கட்டையிலேயே

அநுராதபுரச் சந்தி, நிஸ்தார் கறாச்.
என் பழைய லான்சருக்குக் கீழிருந்து
இரண்டு சைலன்சரையும்
வெட்டி எடுத்தாயிற்று.
தட்டியபோது
இருபது வருசக் கரி கொட்டிற்று.
"காதுக்குப் பஞ்சு வாங்குங்க" என்றான்
காசை எண்ணியபடி.

உட்துறைமுக வீதியில் முதல் மிதி.
சளி போன கிழட்டுச் சிங்கம்.
படுத்திருந்த மான்கள்
எழும்பி,
காதைத் திருப்பி,
மறுபடி படுத்தன.
அவ்வளவுதான் மரியாதை.

வதனாவுக்கு மட்டும்
மூன்றாம் கட்டையிலேயே கேட்டுவிடும்.
நான் கேற்றைத் திறக்க
மேசையில் தேத்தண்ணி, ஆவியோடு.
சத்தத்தைப் பற்றி
ஒரு சொல் சொன்னதில்லை.

பிறகு பொலிஸ். தண்டம்.
நிஸ்தார் சிரித்துச் சிரித்துத்
திரும்பப் பூட்டினான்.

இன்று பூனைபோல் வந்து நிறுத்தினேன்.
அடுப்பு குளிர்ந்து கிடந்தது.
உள்ளிருந்து பயந்த குரல்:
"ஆரது?"