மேல்வரிசையில் ஒரு பீங்கான் பல்

முதல் நாள் நான் பார்த்தது டிரம்பெட்டை அல்ல,
அவள் பல்லை.
மேல்வரிசை, இடப்பக்கம், இரண்டாவது.
பீங்கான். நல்ல கைவேலைதான்,
நிறம் மட்டும் அரைச்சாயல் மஞ்சள் கூடுதல்.
பதினெட்டு வருடமாக ஹாலிஃபாக்ஸில்
பல் கட்டித் தருபவன் நான்.
மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள்;
வாய்கள் தெரியும், முகங்கள் தெரியாது.

அவள் பெயர் ஓடெட் சுரெட்.
சலவைக்கடைக்கு மேலே வாடகை அறை.
கீழே உலர்த்திகள் சுற்றும்போது
தரை மெல்ல நடுங்கும்.
"இங்கே சத்தமென்று யாரும் புகார் சொல்வதில்லை.
எல்லோருக்கும் துவைக்க ஏதோ இருக்கிறது" என்றாள்.

எதற்காகக் கற்கிறீர்கள் என்று கேட்டாள்.
வழியில் மூன்று பதில்கள் தயார் செய்திருந்தேன்.
மூன்றும் தொண்டையோடு நின்றன.
சும்மா, என்றேன்.
நோட்டில் எழுதி அடிக்கோடிட்டாள்: சும்மா.

ஐந்து வாரம் கருவியைத் தொடவிடவில்லை.
ஊதுமுனை மட்டும்.
அதற்குள் உதடு படபடக்க வேண்டும்,
கவிழ்த்த டம்ளருக்குள் அகப்பட்ட ஈயைப்போல.
டார்ட்மத் படகில், நாற்பத்தாறு வயதில்,
கைக்குட்டைக்குள் ஈயானேன்.
எதிர் இருக்கைக் குழந்தை
வெறும் உதட்டால் பதில் சொன்னது,
என்னைவிட நன்றாக.

அழுத்தக் கூடாது.
அவள் அதிகம் சொன்னது அதுதான்.
மேலே போக வேண்டுமென்றால் எல்லோரும் அழுத்துகிறார்கள்,
பித்தளை உதட்டின்மேல், உதடு பல்லின்மேல்.
கடைசியில் பல்தான் கணக்குத் தீர்க்கும்.
தலையாட்டினேன். நான் எப்போதும் பல்லின் கட்சி.

கடற்படை வாத்தியக்குழுவில் பன்னிரண்டு வருடம்.
ஒரு ஜனவரி, கப்பல்துறைப் படிக்கட்டில் பனி.
விழும்போது கருவிப்பெட்டியை
இரு கையாலும் அணைத்துக்கொண்டாளாம்.
முகத்தை அணைக்க மூன்றாவது கை இல்லை.
பிறகு பதினான்கு மாதம்
ஒரு சுரமும் நிற்கவில்லை.
"நான் உங்களுக்குச் சொல்லித்தருவது
முதலில் கற்றதை அல்ல" என்றாள்.
"அது எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது.
இரண்டாம் முறை கற்றதை."

வால்வு எண்ணெய் தேடியபோது
பெட்டியின் வெல்வெட்டுக்கடியில் ஒரு கடிதம்.
வாங்கி மடித்தாள். மறுபடி விரித்தாள்.
திரும்பி வந்தபின் முதல் அடக்கம்,
காற்று உறையும் பிப்ரவரி,
கொடி போர்த்திய பெட்டிக்கு முன்னால்
ஐந்தாவது சுரம் உடைந்துபோனது.
லூனன்பர்கிலிருந்து மனைவி எழுதியிருக்கிறாள்:
அந்த இடத்தில் உடைந்தது வேண்டுமென்றேவா?
ஒரே ஒரு வரி. கீழே முகவரி.

பதில் போட்டீர்களா என்றேன்.
"பதினாறு தாளம் ஓய்வு" என்றாள், தாளைக் காட்டி.
"எண்ணுங்கள். ஓய்வில்தான் எல்லோரும் தூங்குகிறார்கள்."
எண்ணினேன்.
ஒன்பதில் கீழே ஓர் உலர்த்தி நின்றது.
பதின்மூன்றில் துறைமுகத்து மூடுபனிச் சங்கு.
பதினாறில் நான் ஊதியது
சங்குக்குக் கொஞ்சம் கீழே.
"அதுவும் சுருதி சுத்தமில்லை" என்றாள்.
"பரவாயில்லை, சேர்ந்துகொள்ளுங்கள்."

வசந்தத்தில் கேட்டாள்:
இந்தப் பல் ஒருநாள் கழன்றுவிட்டால்?
இதற்கு இரட்டைப்பிறவி ஒன்று செய்துவைக்க முடியுமா?
நிறத்தைச் சரிசெய்துவிடலாம் என்றேன்.
வேண்டாம்.
இதே தடிமன், இதே ஓரச்சாய்வு,
இதே மஞ்சள்.

பட்டறையில் விளக்கடியில்
தெரிந்தே தவறான நிறம் கலந்தேன்.
சரியான நிறத்துக்கு இருபது நிமிடம் போதும்;
இதற்கு மூன்று இரவு.

அந்த வாரம் கட்டணம் வாங்கவில்லை.
அடுத்த வாரம் வாங்கினாள்.
ஏழு நிமிடம் தாமதம் என்றும் சொன்னாள்.