வெற்றுக் குழி

ஆயுத பூஜையன்று அந்த எந்திரத்துக்குப் பொட்டு வைக்க விடவில்லை.
சந்தனத்தில் குற்றமில்லை, வைக்கிற விரலில்தான் ஆள் இருக்கிறான்
என்றார் நஞ்சுண்டன் சார்.
கண்ணாடிக் கதவோடு நின்றது குங்குமம்.

குன்னூரில் பதினோராவது நாளாக மழை.
ஈரம் உறிஞ்சும் பெட்டியிலிருந்து
காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி
மூடுபனியைக் கொண்டுபோய்க் கொட்டுகிறேன்.

உள்ளே எட்டு முனைகள்
சேர்ந்து இறங்கி, உறிஞ்சி, சேர்ந்து நிமிர்கின்றன.
கொழுந்து கிள்ளும் கை மாதிரி, என்றான் பயிற்சிக்கு வந்த பையன்.
இல்லை.
கை தயங்கும்.

லைன் வீடுகள் மேல் சரிந்த மண்ணிலிருந்து வந்தவை
நாற்பத்தொன்று. பல். தொடையெலும்புத் துணுக்கு.
ரேஷன் கார்டில் ஒரு பெயர்,
கப்பலேறி வந்த பாஸ்போர்ட்டில் வேறு பெயர் என்றிருந்தவர்கள்
இப்போது கோடு கோடாய் ஓர் எண்.
அதைப் பார்த்து எந்திரம் ஒருமுறை கத்துகிறது, அவ்வளவுதான்.

நான் கையால் செய்த காலத்தில்
இரண்டு குழாய்கள் இடம் மாறின.
சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டேன்.
ஆனாலும் அந்த மத்தியானம் முழுக்க
ஒரு மகன் வேறொரு தாய்க்குப் பிறந்திருந்தான்.

தொண்ணூற்றாறாவது குழியில் யாருமில்லை. வெறும் தண்ணீர்.
இல்லை என்பதற்குச் சாட்சியாக ஒன்று வேண்டும்.
அதிகாலை மூன்று மணிக்கு
அந்தத் தண்ணீரில் சின்னச் சின்ன மேடுகள் எழுந்தன.
கணினி எங்கள் பட்டியலைத் துழாவிச்
சிவப்பில் எழுதியது: ஊழியர் ஏழு.

ஏழு நான்தான்.

முகக்கவசம் இறங்கியிருந்ததா?
சோலூர்மட்டத்திலிருந்து வந்த செங்கமலம்
கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு
"இம்புட்டுத்தானா, ரத்தம் வேணாமா?" என்று கேட்டபோது
கண்ணுக்குப் போன கையுறையா?
அதை மாற்றினேன்.
மாற்றியதாகப் பதிவேட்டில் இருக்கிறது.

முழுத் தட்டும் ரத்து.
மறுபடி எலும்புப் பொடி, மறுபடி காந்த மணிகள்,
மறுபடி இருபத்தொன்பது சுற்று.
இம்முறை நான் கண்ணாடிக்கு வெளியே.
பொத்தானை அழுத்தியது அந்தப் பையன்.

கடைசிக் குழி சலனமில்லாமல் வந்தது.
இருபத்துமூன்றாம் குழியில் பதினான்கு, பதினேழு.
பதினேழு செங்கமலத்தினுடையது.
அடுத்த இடத்திலும் ஒன்று அவருடையது.
அதற்கடுத்ததிலும்.
அறிக்கையில் இதற்குக் கோடிக்கணக்கில் ஓர் எண் உண்டு.
அவரிடம் சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

எந்திரம் தன் முனைகளை உதிர்த்துவிட்டு
ஊதா விளக்கில் தன்னைக் கழுவிக்கொண்டது.
நடைவழியில் வாளி நிரம்பி வழிகிறது.
இன்று யார் முறை என்று சுவரில் பார்த்தேன்.

ஏழு.