எட்டாவது வரியில் ஓர் அடித்தல்

முதலில் கண்களை எண்ண வேண்டும்.
கீழ்வரிசையில் நான்கு, கடுகினும் சிறியவை.
அதன்மேல் இரண்டு, லாரி விளக்குகள் மாதிரி.
உச்சந்தலைப் பக்கம் இன்னும் இரண்டு.
நான்கு, இரண்டு, இரண்டு:
கணக்கு சரிவந்தால் ஓநாய்ச் சிலந்தி.
வலை விரித்துக் காத்திராமல்
ஓடிப் பிடித்துத் தின்கிற குடும்பம்.

அதற்குமேல் எல்லாம் வழக்குதான்.

ஃபுன்ஷால் அருங்காட்சியகத்தில்
நூற்றிருபது வருடமாக ஒருத்தி சாராயத்தில் மிதக்கிறாள்.
சீட்டில் ஒரே சொல்: "தீவு."
எந்தத் தீவு என்று எழுத அன்று யாருக்கும் தோன்றவில்லை.
பெருநிலத்து இனம் ஒன்றின் பெயரை
இரவல் சட்டையாய் மாட்டிவிட்டிருந்தார்கள்.
தோளில் இறுக்கியது. யாரும் கேட்கவில்லை.

அவள் ஊரைத் தேடித்தான்
ஜெர்வாசியோவின் படகில் போனேன்.
தெசெர்தாஸ் கூட்டத்தின் தென்கோடிப் பாறை.
ஊற்று இல்லை, மரம் இல்லை.
ஆடுகளை ஒழித்த பிறகு ஏறிய புல் மட்டும்
கல்லையெல்லாம் போர்த்திக்கொண்டு.
கல்லுக்கடியில்தான் அவள் குடியிருப்பு.

இரவு, நெற்றிவிளக்கோடு சரிவில் நின்றேன்.
தரையெங்கும் பச்சைப் பொட்டுகள் மின்னின.
பனித்துளி என்றேன்.
ஜெர்வாசியோ சிகரெட்டை அணைத்துவிட்டுச் சொன்னார்:
"பனித்துளி ஓடாது, டாக்டர்."

ஓர் இனம் உண்டென்று நிரூபிக்க
அதில் ஒன்றைக் கொல்ல வேண்டும்.
நான் எழுதிய விதி அல்ல,
நான் கையெழுத்திடும் விதி.
"பெயர் இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறது?"
"பெயர் வந்தால்தான் புல் வெட்டப் பணம் வரும்."
அவர் அதற்குமேல் பேசவில்லை.
பிடிபட்டவள் முதுகில் குஞ்சுகள், நூறு இருக்கும்.
இறங்க மறுத்தன.
ஒட்டகமுடித் தூரிகையால் கல்மேல் தள்ளினேன்,
ஒவ்வொன்றாய்.
விளக்கைப் பிடித்திருந்தவர்
கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நுண்ணோக்கியின் கீழ்
வயிற்றடியில் ஒரு கறுப்புப் பூட்டு.
பெருநிலத்தாளுக்கு அது நேர் நங்கூரம்.
இவளுக்குத் தலைகீழ்.
சீசாவில் மிதப்பவளை எடுத்துப் பார்த்தேன்:
தலைகீழ்!
நான் போட்ட சத்தத்தில்
ஒதீலியா சேகரிப்பு அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்,
கையில் பாதி கடித்த தேன்கேக்.

விவரிப்பில் உவமைக்கு இடமில்லை.
"முதுகு கரும்பழுப்பு. கால்கள் பருத்தவை.
நான்காம் இணை மிக நீளம்."
எட்டாவது வரி:
"காற்றில் பறக்கும் பழக்கத்தை இழந்த இனம்."
அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.
முன்னோர் நூல் நீட்டிக் காற்றேறி வந்திருப்பார்கள்,
கடலில் விழாமல் தப்பி விழுந்தவர்கள்.
பிறகு, பறக்கத் துணிந்த பிள்ளைகளையெல்லாம் கடல் வாங்கிக்கொள்ள,
துணியாதவர்களின் பிள்ளைகள் மிச்சம்.
எளிய கழித்தல்.

ஞாயிற்றுக்கிழமை, துவைக்க எடுத்த சட்டையின்
மடித்துவிட்ட கைக்குள் ஓர் எள்ளளவு அசைவு.
லென்ஸ் தேடி எடுத்தேன்.
நான்கு, இரண்டு, இரண்டு.

அடுத்த படகுக்குப் பதினோரு நாள்.
ஜாம் பாட்டிலில் குடிவைத்தேன்,
அழுகின வாழைப்பழமும் அதில் மொய்க்கும் ஈயும்
வீட்டுச் செலவில்.

ஆறாம் நாள் லெஸ்தே அடித்தது,
சகாராவின் தூசியோடு, ஜன்னல் வழியே.
மூடியைத் திறந்து வைத்திருந்தேன்.
அது விளிம்பில் ஏறியது.
எட்டுக் கால்களையும் நுனியில் ஊன்றி
பின்புறத்தை உயரத் தூக்கி
ஒரு நூல்.
வெயில் பட்ட இடத்தில் மட்டும் இருந்தது,
மற்ற இடத்தில் நம்ப வேண்டியிருந்தது.

ஜன்னலைச் சாத்தினேன்.
தாளை எடுத்து எட்டாவது வரியை அடித்தேன்.
அந்த இடத்தில் என்ன எழுதுவது?
பேனாவைக் கடித்தபடி நிமிர்ந்தபோது
நூலின் மறுமுனை புத்தக அலமாரியில் ஒட்டியிருந்தது.
காற்று நின்ற அறையில்
அது அதன்மேல் நடக்கத் தொடங்கியிருந்தது.