விரலி ஒடிக்கிற சத்தம்

திங்கட்கிழமை பத்தரைக்கு
டெல்லியில் என் பேர் வருகிறது:
பாவாத்தாள் எதிர் தமிழ்நாடு அரசு,
வரிசை எண் நாற்பத்தேழு.
இங்கே அந்தியூரில், வரட்டுப்பள்ளம் பார்த்த காட்டில்,
போனை மஞ்சள் மூட்டைமேல் சாய்த்துவைத்து
உட்கார்ந்திருக்கிறேன்.
"மைக்கை மூடியே வையுங்க அக்கா" என்று
மூன்று தரம் சொல்லிவிட்டாள் வக்கீல் இந்திராணி.

துப்பாக்கி என்னிடம் இல்லை.
அவர் காரியம் முடிந்த மறுநாள்
ஸ்டேஷனில் ஒப்படைத்த ஒற்றைக்குழல்.
ரசீது இருக்கிறது, அரிசி டப்பாவில்.
உரிமத்தை என் பேருக்கு மாற்றக் கேட்டேன்.
'அச்சுறுத்தல் ஏதுமில்லை' என்று எழுதினார் கலெக்டர்.
முக்கால் ஏக்கர் மக்காச்சோளத்தை
ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போன பன்றிகள்
அந்தக் கோப்பைப் படித்திருக்கவில்லை.
சென்னையும் கலெக்டர் சொன்னதையே சொன்னது,
நீளமாக.

"இன்னைக்கு அவங்க உங்க வழக்கைக் கேட்கமாட்டாங்க அக்கா.
கேட்கலாமா வேண்டாமான்னு மட்டும் கேட்பாங்க.
பன்னி வந்துச்சா, சோளம் போச்சாங்கறது வேண்டாம்.
ஒரு ஹைகோர்ட் ஒரு மாதிரியும்
இன்னொண்ணு வேற மாதிரியும் சொல்லியிருக்கான்னு பார்ப்பாங்க.
உங்க காட்டைத் தொட்டா
எத்தனை காடு அசையும்னு பார்ப்பாங்க."

ஈரோட்டு மஞ்சள் மண்டியில்
எந்த வியாபாரியும் மூட்டையைக் கொட்டிப் பார்ப்பதில்லை.
ஒரு விரலியை எடுப்பான்.
காதோரம் ஒடிப்பான்.
உள்நிறம் பார்ப்பான்,
அடுத்த குவியலுக்குப் போய்விடுவான்.
பத்து மாசத் தண்ணியும் களையும்
அந்த ஒரு 'டக்'கில் இருக்கவேண்டும்.

நாற்பத்தொன்று தள்ளுபடி.
நாற்பத்திரண்டு தள்ளுபடி.
நாற்பத்துமூன்றின் வக்கீல்
தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோதே தள்ளுபடி.
நாற்பத்தாறு கெஞ்சியது,
அரை நிமிஷம் கூடக் கிடைத்தது.

பிறகு நான்.

இரண்டு பேர்.
கண்ணாடிக்காரர் ஏடுகளைத் தள்ளுகிறார்.
மற்றவர் அவர் காதருகே சாய்ந்து ஏதோ சொல்கிறார்.
அது மைக்கில் விழவில்லை.
என்னைக் கேட்டால்
வழக்கே அந்த ஒரு பேச்சுத்தான்.

கண்ணாடிக்காரர் இங்கிலீஷில் கேட்டார்.
மருமகள் கோகிலா பக்கத்திலிருந்து சொன்னாள்:
அந்தத் துப்பாக்கி எப்போதாவது
மனுசன்மேல் நீண்டிருக்கிறதாங்கிறாங்க, அத்தை.
"அப்படி எதுவும் என் கவனத்துக்கு வரவில்லை"
என்றாள் இந்திராணி.

அவள் கவனத்துக்கு நான் கொண்டுபோகவில்லை.
ஒரு சித்திரை, முறைத்தண்ணித் தகராறு.
பங்காளி கொமாரசாமி மடையைத் திருப்பிவிட்டானென்று
இவர் உள்ளே போனார்,
வெளியே வந்தார்.
நான் குறுக்கே போய் நிற்கவில்லை.
தோட்டா இருந்ததா என்று
பிற்பாடும் கேட்டதில்லை.
கொமாரசாமி செருப்பை வரப்பிலேயே விட்டுப் போனான்.
மறுநாள் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்,
இடது செருப்பில் வார் அறுந்திருந்தது.
எந்த ஏட்டிலும் அது இல்லை.
மைக் மூடியிருக்கிறது.
ஒரு விரல் தூரம்.

"வடக்கே ஒரு நகைக்கடைக்காரரின்
கைத்துப்பாக்கி வழக்கு நிலுவையில் இருக்கிறதே,
அதோடு சேர்த்துக் கட்டுங்கள்."

ஐம்பது விநாடி.
நாற்பத்தெட்டு.

தள்ளவுமில்லை, எடுக்கவுமில்லை.
நுகத்தின் ஒரு பக்கம் என் சோளக்காடு,
மறுபக்கம்
நான் பார்த்தேயிராத ஊரில் ஒரு நகைக்கடை.
எது எதை எந்தப் பக்கம் இழுக்குமோ.
"நல்ல சேதிதான் அக்கா" என்கிறாள் இந்திராணி.
இருக்கலாம்.

பொழுதோட கோகிலா
பட்டாசுக் கட்டும் தகர டின்னும் எடுத்துவைத்தாள்.
பரணில் ஏறிக்கொண்டேன்.

நடுச்சாமம் தாண்டி
சோளத்தட்டு ஒடிகிற சத்தம்.
ஒன்றே ஒன்று.
காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.
கொமாரசாமி வீட்டுக்குத் தடமும்
அந்தப் பக்கம்தான்.
டின்னை இன்னும் தட்டவில்லை.