சாட்சி நேரம்

பாலம் தாண்டியதும்
கார்க் கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும்.
உள்விளக்கைப் போட வேண்டும்.
மோட்டார் சைக்கிள் என்றால் ஹெல்மெட் மடியில்.
பதினோரு வருஷமாக இப்படித்தான் நுழைகிறேன்,
சான் பேத்ரோ சூலாவின் இந்த ஓரத்துக்குள்,
பின்சீட்டில் அரிசி மூட்டை, ஒரு கிதார்,
இருமும் ஒலிபெருக்கி.
எனக்கு அனுமதி கொடுத்தது சபைத் தலைமை அல்ல,
கூரைமேல் பட்டம் விடுகிற பையன்.
பட்டம் என்று நினைப்பீர்கள்.
கையில் நூல் இல்லை,
போன் இருக்கிறது.

சோய்லா சோள அடை சுட்டு விற்கிறாள்.
வெள்ளிக்கிழமை அவர்களுக்கு,
ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்கு.
ரெண்டும் பத்தில் ஒண்ணுதான், பாஸ்டரம்மா,
ஒண்ணைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்னு தெரியும்,
மற்றதுக்கு இன்னும் தெரியல, என்று சிரிப்பாள்.
இரண்டையும் ஒரே டப்பாவில்தான் சேர்க்கிறாள்.

இந்தத் தெருவில் சாட்சி என்று யாருமில்லை.
பட்டப்பகலில், பேருந்து நிறுத்தத்தில்,
நாற்பது பேர் நடுவே விழுந்தவனுக்கும்
சாட்சி இல்லை.
புதன்கிழமை ஏழு மணிக்கு மட்டும்
என் தகரக் கூரையின் கீழ் சாட்சி நேரம்.
ஆளுக்கு மூன்று நிமிஷம்.
முழங்கால் வலி போனது.
ஹூஸ்டனிலிருந்து மகன் பேசினான்.
பேருந்துக்காரர் இந்த வாரமும் உயிரோடு வந்தார்.
பார்த்ததைச் சொல்கிறார்கள்,
பார்த்ததில் சொல்லக்கூடியதை.

நவூன் வந்தது ஒரு மழை வியாழன்.
கழுத்தில் எண்.
இமையில்கூட மை.
கும்பலை விட்டு வெளியேற இரண்டே வாசல்.
ஒன்று சவப்பெட்டி அகலம்,
மற்றது என்னுடையது.
கடவுளிடம் போகிறாயா, போ,
கடவுளோடு விளையாடினால் வருவோம்:
அது அவர்கள் சட்டம்.
எங்கள் சபையில் இவ்வளவு கண்டிப்பு கிடையாது.

முட்டை வாங்கப் போனாலும் கக்கத்தில் வேதாகமம்.
நாற்பது டிகிரி வெயிலில் முழுக்கைச் சட்டை, டை.
சுருதி சேராமல் பாடுவான்,
நாற்காலிகளைத் துடைத்த பிறகு மறுபடி துடைப்பான்.
இரவிலும் கதவைத் திறந்தே வைத்திருப்பான்,
பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று.

அவன் தங்கை மரீலியின் கல்லறை
ஆறாம் தெருவுக்கு அந்தப் பக்கம்.
அந்தப் பக்கம் வேறு எண்.
அவளுடைய வருஷ நாளன்று
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
கரும்புச் சாராயம், அரை பாட்டில்.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.

சனிக்கிழமை பையன் வந்தான்.
போன வருஷ மனப்பாடப் போட்டியில்
என் கையால் பென்சில் பெட்டி வாங்கியவன்.
போனை நீட்டினான், உங்ககிட்டப் பேசணுமாம்.
ஆசீர்வாதம் பாஸ்டரம்மா, என்றது குரல்,
மிகுந்த மரியாதையாக.
நவூன் நிஜமா?

என் விரல்களில் வெங்காய வாடை.
அடுப்பில் ஐம்பது பேருக்கான பீன்ஸ்.
பொய் சொல்லாதே என்று எழுதிய கல்
எத்தனை கனம் என்று
அதைக் கீழே வைக்கும்போதுதான் தெரிந்தது.
நிஜம், என்றேன்.
நீங்க சாட்சியா?
இந்தத் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத
அந்தச் சொல்லைச் சொன்னேன்.

பையன் போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.
நாளைக்கு ஞாயிறு வகுப்பு உண்டா, என்றான்.
உண்டு.
பிஸ்கட்?
அதுவும் உண்டு.

புதன்கிழமை நவூன் எழுந்து நின்றான்.
மூன்று நிமிஷமும் பேசவில்லை.
கடைசி வரிசையில் புதிதாக இரண்டு பேர்,
தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தார்கள்.
தகரத்தில் மழை.
சோய்லாதான் ஆமென் என்றாள்,
எதற்கென்று தெரியாமல்,
எல்லோரும் ஆமென் என்றார்கள்.
நானும்.

நான் சொன்னது பொய்யா,
கொஞ்சம் சீக்கிரம் சொன்ன உண்மையா,
அவன் பாட்டிலைக் கேட்க வேண்டும்.
கேட்கவில்லை.
அன்றிரவு பாலம் தாண்டியும்
உள்விளக்கை அணைக்க மறந்து
வீடுவரை ஓட்டிவந்தேன்,
கண்ணாடிகள் இறங்கியபடி,
இருக்கையெல்லாம் மழை.