நாற்பத்தொன்பது கட்டங்கள்

கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டு வந்த இரவு
போக்னா, மகளின் கணக்கு நோட்டிலிருந்து
கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கிழித்தாள்.
வீட்டின் வரைபடம்.
நாற்பத்தொன்பது சதுர மீட்டர்,
மீட்டருக்கு ஒரு கட்டம்.
லூப்ளின் நகரத்துப் பழைய அடுக்ககம், நான்காம் மாடி,
லிஃப்ட் கிடையாது.
(நான் லிஃப்ட் மெக்கானிக்.
அவளுக்கு இன்றும் இதில் சிரிப்பு.)

முப்பது வருஷம் என்றது வங்கி.
பதினைந்து என்று ஓரத்தில் எழுதினாள்
அழிக்க முடியாதபடி பேனாவில்.
எதற்கு இந்த அவசரம் என்றேன்.
"ஐம்பது வயதில் எனக்கொரு வேலை இருக்கிறது, ஸெனோன்."
என்ன வேலையென்று சொல்லவில்லை.

தவணைக்கு மேல் சேர்த்துக் கட்டிய காசில்
முதலில் நிறம் ஏறியது
அடுப்பு நிற்கும் கட்டத்துக்கு.
"இனி சூப்பாவது நம்முடையது."

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்கள்.
நாங்கள் வாயை மட்டும் கட்டினோம்,
வயிற்றுக்கு உருளைக்கிழங்கு இருந்தது.
பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து
இன்னும் ஒன்பது நாள் ஓட்டினோம்.
ஹீட்டர் திருகு இரண்டைத் தாண்டவில்லை,
ஜனவரியில் தொப்பியோடு தூங்கினோம்.
என் தலைமுடியை அவளே வெட்டினாள்.
கண்ணாடி பார்க்காமல் வேலைக்குப் போகப் பழகினேன்.
காலை மூன்று நாற்பதுக்கு அவளுடைய டிராலிபஸ்
டிப்போவை விட்டுக் கிளம்பும்.
இரவு ஷிஃப்டுக்குக் கூடுதல் பணம்,
கூடுதல் பணத்துக்குக் குளியலறையில் அரைக் கட்டம்.

சிகரெட்டை விட்டேன் என்று சொன்னேன்.
நான்கு வருஷம்
லிஃப்ட் கூண்டுகளின் மேல் ஒளிந்து உட்கார்ந்து
பால்கனியில் ஒரு கட்டத்தைப் புகைத்தேன்.
அவளுக்குத் தெரியும்.
பால்கனிக்குக் கடைசியில்தான் நிறமடித்தாள்.

ஆறாம் வருஷம் யாகோடாவின் வகுப்பு
பனிச்சறுக்குப் பயணம் போனது.
ஆயிரத்து இருநூறு ஸ்லோட்டி.
அடுத்த வருஷம் என்றோம்.
அன்றிரவு எங்கள் படுக்கையறையில்,
சரியாகக் கட்டில் நிற்கும் இடத்தில்,
ஒரு கட்டத்தைக் கறுப்பு மார்க்கரால்
தாள் கிழியும் அளவுக்கு நிரப்பியிருந்தாள்.
போக்னா அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை,
நீக்கவும் இல்லை.
அடுத்த வருஷப் பயணத்துக்கு
யாகோடாவே வரமாட்டேன் என்றுவிட்டாள்.

பிறகு வட்டி ஏறிய வருஷம்.
தவணை ஏறக்குறைய இரட்டித்தது.
பதினோரு மாதம் பென்சில் தொடவில்லை.
குளிர்பெட்டிக் கதவில் தாள் தொங்கியது
பாதி கட்டி நிறுத்திய கட்டிடம் போல.
அந்தக் காலத்தில்தான் நிஜமாகவே சிகரெட்டை விட்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை. நம்பியிருக்கமாட்டார்கள்.

பதின்மூன்று வருஷம், நான்கு மாதம்.
கடைசிக் கட்டம் பால்கனியின் மூலை,
பூந்தொட்டிகூட வைக்க இடமில்லாத மூலை.
வங்கி ஒரு கடிதம் அனுப்பியது, வாழ்த்து ஏதும் இல்லாமல்.
பதிவேட்டிலிருந்து அடமானத்தை நீக்க
நீதிமன்றத்துக்குத் தனிக் கட்டணம் உண்டாம்.
சில்லறை டப்பாவைக் கவிழ்த்து எண்ணினாள்.
சரியாக இருந்தது.

யாகோடாவுக்கு ஃபோன் செய்தோம்.
க்டான்ஸ்கில் வாடகைக்கு இருக்கிறாள்.
"அந்தக் கறுப்புக் கட்டம்?" என்றாள்.
"அதுவும் கட்டியாகிவிட்டது" என்றாள் போக்னா.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
கடல் காற்றோ மூச்சோ.

நாற்பத்தெட்டு வயதில் அரை நேர வேலைக்கு மாறினாள்.
முதல் விடுமுறைக் காலையிலும் மூன்று பத்துக்கு விழித்து
சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்,
எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல்.
பிறகு நகராட்சிக் குளத்துக்குப் போனாள்.
நீச்சல் கற்றுக்கொள்ள. இதுதான் அந்த வேலை.
முழு விலை டிக்கெட். சலுகை நேரம் பிற்பகலில்தான்,
அதுவரை காத்திருக்கவில்லை.

ஈரத் தலையோடு நான்கு மாடி ஏறி வந்தாள்.
"ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்தேன்.
தண்ணீர் குளிர். நாற்பதாவது நிமிஷமே ஏறிவிட்டேன்.
இருபது நிமிஷம் வீண், ஸெனோன்,
சுத்தமாக வீண்" என்றாள்,
புதுச் செருப்பைக் காட்டுகிறவள் போல.