மணித்தியாலக் கணக்கு

உடையார்கட்டில் தவராணியின் வளவுக்குள்
பெக்கோவை இறக்கச் சொன்னார்கள்.
மணித்தியாலத்துக்கு ஆறாயிரம். டீசல் என்னுடையது.

நீதவானின் கட்டளை ஒற்றைத் தாள்.
அதைச் சுற்றிப் பொலிஸ், அதிரடிப்படை,
கிராம சேவகர், தொல்பொருள்காரர்,
கண்ணிவெடிக் கருவியோடு ஒரு பெடியன்.
இயக்கத்தின்ர தங்கமாம்.
யாரோ வெளிநாட்டிலிருந்து
தொலைபேசியில் சொன்னானாம்:
மாமரத்திலிருந்து மேற்கே பன்னிரண்டு எட்டு.

மாமரம் இல்லை.
செல் விழுந்த மரத்தின் குற்றியும் இல்லை.
எந்த மரம், யாருடைய எட்டு என்று
ஒருவரும் கேட்கவில்லை.

மேற்கே வீட்டுத்திட்டத்து வீடு.
பூசாத சுவர், யன்னலுக்குச் சீமெந்துப் பை.
கடைசித் தவணைக் காசு வரவேயில்லையாம்.
வீட்டுக்கு முன்னால் கச்சான்.
பூத்து முடிந்து
விழுது மண்ணுக்குள் இறங்குகிற பருவம்.

"தம்பி, நாப்பது நாள் பொறுக்க ஏலாதே?"
என்னிடம்தான் கேட்டாள்,
கட்டளை என் சட்டைப்பையில் இருப்பதுபோல.

முதல் அள்ளலில் கச்சான் கொடி.
இரண்டாவதில் செம்மண்.
பிறகும் செம்மண்.
கரையை நேராக வெட்டி, மண்ணை ஒருபக்கம் அணைத்து
வழுக்காமல் சரித்தேன்.
பார்த்துக்கொண்டு நின்ற பொறுப்பதிகாரி கேட்டார்,
"நல்லா வெட்டுறாய். எங்க பழகினது?"
"வவுனியாவில, கல் குவாரியில" என்றேன்.
பத்தொன்பது வயதில்
இரவிரவாக, லைட் போடாமல்
எத்தனை மைல் மண் அணை கட்டிய கை இது.
நெம்புகோலை இறுக்கிப் பிடித்தேன்,
அது வாய் திறந்துவிடும் என்பதுபோல.

ஐந்தடியில் நீலத் தறப்பாள்.
எல்லோரும் குனிந்தார்கள்.
பெடியன் கையை உயர்த்தினான். இயந்திரத்தை நிறுத்தினேன்.
அவன் தூரிகையால் மண் தட்டித் தட்டி
ஒரு முடிச்சை அவிழ்க்க முக்கால் மணித்தியாலம்.

தையல் மெஷின்.
தலை மட்டும்.
கிறீஸ் பூசி, பழஞ்சேலை சுற்றி,
பக்கத்தில் ஒரு மருந்துப் போத்தலில் ஊசிகள்.

தவராணி சிரித்தாள்.
அப்படி ஒரு சிரிப்பை அந்த வளவு
எதிர்பார்க்கவில்லை; பொலிஸ்காரனும் சிரித்துவிட்டான்.
"ஐயோ, இது என்ரயெல்லே.
வந்த வருசம் முழுக்கக் கிண்டினன்,
மரமில்லாமல் இடம் பிடிபடேல்லை."

மெஷினுக்கு இலக்கம் போட்டார்கள்.
சான்றுப் பொருள், ஒன்று.
உரிமையாளர் முல்லைத்தீவு நீதிமன்றத்துக்கு வந்து
பற்றுச்சீட்டுக் காட்டி எடுக்கலாம்.
"எந்தப் பற்றுச்சீட்டு?" என்றாள்.
அதற்குள் அவர்கள் அடுத்த பக்கம் வெட்டச் சொன்னார்கள்.
மூன்று மணிவரை வெட்டினேன்.
தண்ணீர் ஊறியது. தங்கம் ஊறவில்லை.

பிளேன்டீ கொண்டுவந்து தந்தாள்.
உள்ளங்கையில் இரண்டு கட்டிச் சக்கரை.
"தம்பி, இதுக்கு மணித்தியாலம் எவ்வளவு?"
சொன்னேன்.
விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.
"எனக்கு ஒரு இடம் தெரியும்.
மரம் கிரம் தேவையில்லை, கண்ணை மூடிக்கொண்டு காட்டுவன்.
பதினாலு தரம் எழுதிக் குடுத்திட்டன்.
ரெண்டு மணித்தியாலம் காணும்."

விசில் ஊதினார்கள்.
எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.
யார் என்றும்.
ஒரு துண்டில் என் இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன்,
கை நடுங்கி ஒரு ஏழு ஒன்றைப்போல விழுந்தது,
திருத்தினேன்.

வெட்டச் சொல்லித்தான் கட்டளை.
மூடச் சொல்லி அதில் இல்லை.
வாகனங்கள் போனபின்
இருட்டும்வரை மூடினேன். பில்லில் போடவில்லை.
கச்சானை என்னால் திருப்பி நட முடியாது.

பரந்தன் வீதிக் காவலரணில் ஒரு சின்னவன்
டோர்ச் அடித்துச் சிங்களத்தில் கேட்டான்,
"கிடைத்ததா?"
"தையல் மெஷின்" என்றேன்.
நம்பவில்லை.

ஏழு மாதம்.
அவள் இன்னும் எடுக்கவில்லை.
தெரியாத இலக்கம் அடித்தால்
டீசல் எவ்வளவு கிடக்கிறது என்றுதான்
முதலில் பார்க்கிறேன்.